இரண்டு வருடம் கழித்து வந்த கொப்புளம்

மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே தெரிந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பென்சிலின் ஊசி போட்ட கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது, வலி மாத்திரை விழுங்கிய ராத்திரியே உதடு வீங்கிவிட்டது என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. அதனால், இரண்டு வருடமாகத் தினமும் விழுங்கி வரும் மாத்திரையை யாரும் சந்தேகப்படுவதில்லை. போன வாரம் மாற்றிய சோப்பைச் சந்தேகப்படுவோம். நேற்று தின்ற இறாலை, கருவாட்டை, கத்தரிக்காயைச் சந்தேகப்படுவோம். "அந்த மாத்திரையா? அது ரொம்ப நாளா ஒத்துக்கிச்சே!" என்று அதை மட்டும் விட்டுவிடுவோம்.

இரண்டு வருடம் சாதுவாக இருந்த மருந்து மூன்றாம் வருடம் தோலைக் கொப்புளிக்க வைக்க முடியுமா? முடியும். எப்படி முடிகிறது, அதை மருத்துவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் வந்தது நமைச்சல்

ஒரு பெரியவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். உண்மையான ஒருவர் அல்லர். இப்படித் தாமதமாக வரும் கொப்புள நோயின் வழக்கமான வழியை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்கிறேன். வயது 74. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் மகள் குடும்பத்தோடு இருக்கிறார். காலையில் தேக்கா சந்தை, மாலையில் கோயில் என்று நடமாட்டம் உள்ளவர். பதினைந்து வருடமாகச் சர்க்கரை வியாதி.

சிங்கப்பூர் இந்தியர்களிடையே இது புதுமையல்ல. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 17.2 விழுக்காடு, அதாவது ஆறு பேரில் ஒருவர். 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது.

பெரியவருக்குச் சில மாதங்களாக உடம்பெல்லாம் நமைச்சல். வயதானால் தோல் வறண்டுபோகும் என்று தேங்காய் எண்ணெய் தேய்த்தார். வேப்பிலை போட்டுக் குளித்தார். இடையிடையே சிவந்த தடிப்புகள் வந்து போயின. பிறகு ஒரு நாள் தொடையின் உள்பக்கத்தில் ஒரு கொப்புளம். அடுத்த வாரத்துக்குள் கைகளிலும் வயிற்றிலும் பத்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, உள்ளே தெளிந்த நீரோடு இறுகிப் புடைத்து நின்றது.

வீட்டில் நடக்கும் பேச்சை ஊகிக்கலாம். அம்மையோ? அக்கியோ? ஊராக இருந்தால் செம்மண் குழைத்து அக்கி எழுத ஆள் தேடியிருப்பார்கள்.

இரண்டும் இல்லை. அக்கி என்பது ஒரு நரம்பின் பாதையைப் பிடித்து உடம்பின் ஒரு பக்கமாகவே வரும்; சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக இருக்கும்; எரிச்சலும் வலியும் உயிரை வாங்கும். சின்னம்மை காய்ச்சலோடு வரும். அதன் கொப்புளங்கள் சிறியவை, சில நாளில் பொருக்குத் தட்டிவிடும். பெரியவருக்குக் காய்ச்சல் இல்லை. கொப்புளங்கள் பெரியவை, இரு பக்கமும் இருந்தன, தொட்டால் சட்டென்று உடையவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் மாதக்கணக்கில் நமைச்சல் இருந்தது. இந்த வரிசையைக் கேட்டாலே தோல் மருத்துவரின் காது நிமிரும்.

சுவர் எந்த இடத்தில் பிரிகிறது?

நம் தோலை அடித்தளத்தின் மேல் எழுப்பிய செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செங்கற்கள் மேல்தோலின் செல்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஒரு கலவை உண்டு. சுவரின் கடைசி வரிசையை அடித்தளத்தோடு பிடித்து வைக்க வேறொரு கலவை உண்டு. இரண்டும் வெவ்வேறு புரதங்களால் ஆனவை.

நோய்க் கிருமிகளைத் தாக்க நம் உடம்பு தயாரிக்கும் புரதங்களுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். சில சமயம் அவை ஆள் மாறி நம் உடம்பின் பாகத்தையே தாக்கும். இதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம். தாக்குதல் செங்கற்களுக்கு இடையிலான கலவையின் மேல் என்றால் சுவர் நடுவிலேயே உதிரும். கொப்புளத்தின் மூடி மெல்லியதாக இருப்பதால் தொட்டாலே உடைந்து புண்ணாகும். இது பெம்ஃபிகஸ். இந்தியாவில் தன்னெதிர்ப்புக் கொப்புள நோய் என்றால் பெரும்பாலும் இதுதான், நடுவயதினரையே பிடிக்கும். வாயில் ஆறாத புண்ணாகத் தொடங்குவதும் உண்டு. 1980களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஜே. எஸ். பஸ்ரிச்சா இதற்கு மாதாமாதம் மூன்று நாள் ஸ்டீராய்டைச் சொட்டு சொட்டாக ஏற்றும் முறையை வகுத்தார். நாடு முழுதும் தோல் மருத்துவர்கள் அதைப் பின்பற்றினார்கள்.

தாக்குதல் அடித்தளக் கலவையின் மேல் என்றால் கதை வேறு. சுவர் முழுசாக மேலே தூக்கிக்கொள்ளும். அடியில் நீர் கட்டும். மூடி தடிமன் என்பதால் கொப்புளம் இறுகி நிற்கும், எளிதில் உடையாது. இது புல்லஸ் பெம்ஃபிகாய்ட், முதியவர்களின் நோய். நம் பெரியவருக்கு வந்திருப்பது இதுதான் என்று மருத்துவர் முதல் பார்வையிலேயே ஊகித்துவிடலாம். ஊகம் வேறு, உறுதி வேறு.

இந்த இரண்டையும் மருத்துவ உலகம் வெகுகாலம் ஒன்றாகவே குழப்பிக்கொண்டிருந்தது. 1953இல் வால்ட்டர் லீவர் நுண்ணோக்கியில் பார்த்து, பிளவு விழும் இடம் வேறு, ஆகவே நோயும் வேறு என்று பிரித்தார். 1960களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்ன்ஸ்ட் பாய்ட்னரும் ராபர்ட் ஜோர்டனும் ஒளிரும் சாயம் ஒட்டிய புரதங்களைக் கொண்டு எதிர்ப்பொருள்களையே கண்ணுக்குத் தெரியவைத்தார்கள்: 1964இல் பெம்ஃபிகஸ், 1967இல் பெம்ஃபிகாய்ட். இன்றும் சோதனைக்கூடத்தில் செய்வது அடிப்படையில் அதே வேலைதான்.

மாண்டலே சாலையில் இரண்டு துண்டுத் தோல்

சிராங்கூன் சாலையில் இருக்கும் காலாங் பலதுறை மருந்தகத்துக்குப் பெரியவரை மகள் கூட்டிப்போகிறார். அங்கிருந்து மாண்டலே சாலையில் உள்ள தேசியத் தோல் நிலையத்துக்குக் கடிதம் தருகிறார்கள். பழைய மிடில் ரோடு மருத்துவமனையின் தோல் சிகிச்சைப் பணி 1988இல் இங்கே மாறி வந்தது. சிங்கப்பூரில் கொப்புள நோய்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த நிலையத்தின் ஏடுகளிலிருந்து வந்ததே. இங்குள்ள மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட கணக்குப்படி, புல்லஸ் பெம்ஃபிகாய்ட் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 7.6 பேருக்குப் புதிதாக வந்துகொண்டிருந்தது. அன்றைய மக்கள்தொகைக்கு ஏறத்தாழ முப்பது பேர். முதியோர் பெருகப் பெருக இந்த எண் உயரும் என்பதை எவரும் சொல்லிவிடலாம்.

மருத்துவர் இரண்டு இடத்தில் பட்டாணி அளவில் தோல் எடுக்கிறார். ஏன் இரண்டு என்று நோயாளிகள் கேட்பார்கள், நியாயமான கேள்வி.

முதல் துண்டு கொப்புளத்தின் விளிம்பிலிருந்து. அதை ஃபார்மலினில் போட்டு, சீவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சுவர் எந்த மட்டத்தில் பிரிந்திருக்கிறது என்பது தெரியும். பெரியவரின் தோலில் மேல்தோல் முழுதாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அடியில் இயோசினோஃபில் எனும் வெள்ளணுக்கள். லீவர் பார்த்த அதே காட்சி.

இரண்டாம் துண்டு கொப்புளத்துக்குப் பக்கத்தில், பார்வைக்கு ஒன்றும் ஆகாத தோலிலிருந்து. இதில்தான் தவறு நடக்கும். கொப்புளத்தையே வெட்டி எடுத்தால் அங்கே நடக்கும் அழற்சி எதிர்ப்பொருள்களை அழித்திருக்கும். சோதனை பொய்யாக 'இல்லை' என்று வரும். பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டாலும் அதே கதி. அதற்கென்று உள்ள தனிக் கரைசலில் எடுத்துப்போக வேண்டும். சரியாகச் செய்தால், ஒளிரும் சாயம் ஏற்றியபின் இருட்டறையில் மேல்தோலின் அடியில் நூல் பிடித்த மாதிரி ஒரு பச்சைக் கோடு தெரியும். எதிர்ப்பொருள்கள் அடித்தளக் கலவையில் வரிசையாகப் படிந்திருப்பதுதான் அந்தக் கோடு. பெம்ஃபிகஸாக இருந்தால் கோடு வராது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி வலைப்பின்னல் தெரியும்.

அடுத்து ரத்தம். நலமான ஒருவரின் தோல் துண்டை அடர்த்தியான உப்புக் கரைசலில் ஊறவைத்தால் அது அடித்தளக் கலவை வழியாகவே இரண்டாகப் பிரியும். சமையலறையில் உள்ள அதே உப்புதான். நவீன மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. பிரிந்த தோலின் மேல் நோயாளியின் ரத்தநீரை விட்டால், அதிலுள்ள எதிர்ப்பொருள் மேல் ஓட்டில் ஒட்டினால் பெம்ஃபிகாய்ட். கீழ்த்தரையில் ஒட்டினால் பெரும்பாலும் வேறொரு அரிய நோய். பெரியவருக்கு மேலே ஒட்டியது.

கடைசியாக, அடித்தளக் கலவையின் முக்கியப் புரதமான பிபி180க்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு என்று அளக்கும் சோதனை. பெரியவருக்கு அது 'இல்லை' என்று வந்தது.

தோல் 'ஆமாம்' என்கிறது. ரத்த அளவு 'இல்லை' என்கிறது. இந்த முரண்பாட்டை இப்படியே வைத்திருங்கள். கொஞ்சம் பொறுத்துத் திரும்புவோம்.

நுண்ணோக்கி சொல்லாத ஒன்று

இவ்வளவு சோதனையும் முடிந்தபின் நமக்குத் தெரிவது நோயின் பெயர். நோயின் காரணம் அல்ல. மருந்தால் வந்த பெம்ஃபிகாய்டும் தானாக வந்த பெம்ஃபிகாய்டும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரிதான் இருக்கும். பச்சைக் கோட்டில் மருந்தின் பெயர் எழுதியிருக்காது. காரணத்தைக் கண்டுபிடிக்க நாட்காட்டியும் மருந்துப் பட்டியலும்தான் வேண்டும்.

தாதி கேட்கிறார்: "ஐயா, என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?"

"சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை. ரொம்ப நாளா அதேதாம்மா."

உண்மையில் 'அதே' அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்குப் போனபோது, சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்று திருச்சியில் ஒரு மருத்துவர் மெட்ஃபார்மினோடு வில்டாகிளிப்டின் சேர்ந்த கூட்டு மாத்திரையை எழுதிக்கொடுத்தார். விலை மலிவு. வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 டிசம்பரில் இந்தியாவில் முடிந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் பல பெயர்களில் அதைத் தயாரிக்க, விலை மளமளவென்று இறங்கியது. அன்றிலிருந்து ஊருக்குப் போய்வரும் உறவினர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அட்டை அட்டையாக வாங்கி வருகிறார்கள். சிராங்கூனில் இது அன்றாடம் நடப்பது. ஆனால் பலதுறை மருந்தகத்தின் கணினியில் அந்த மாத்திரை இல்லை. கணினியைப் பார்த்து மருந்துப் பட்டியல் எடுக்கும் மருத்துவருக்கு அது கண்ணில் படவே படாது.

கிளிப்டின் குடும்பம்

கிளிப்டின் எனும் சர்க்கரை மருந்துகள் 2006இல் சிட்டாகிளிப்டினோடு சந்தைக்கு வந்தவை. பிறகு வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின் என்று குடும்பம் பெருகியது. உணவு உண்டபின் இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோன்களை டிபிபி-4 என்ற நொதி சிதைக்கும். கிளிப்டின் அந்த நொதியை முடக்கும். சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்துவதில்லை, எடை கூட்டுவதில்லை. முதியவர்களுக்கு வசதியான, நல்ல மருந்து. அதை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் பல நாடுகளிலிருந்து ஒரே செய்தி வந்தது. 2018இல் வெளியான பின்லாந்து ஆய்விலும் இஸ்ரேல் ஆய்விலும், வில்டாகிளிப்டின் எடுத்தவர்களிடம் பெம்ஃபிகாய்ட் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு இருந்தது. இஸ்ரேலில் லினாகிளிப்டினுக்கும் ஆறு மடங்குக்கு மேல். மெட்ஃபார்மினுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. ஆகவே சர்க்கரை நோயை மட்டும் பழி சொல்லித் தப்ப முடியாது.

பத்து மடங்கு என்றதும் பதற வேண்டாம். கணக்குக்காக, கிளிப்டின் எடுக்காத ஒரு லட்சம் முதியவர்களில் ஆண்டுக்குப் பத்துப் பேருக்கு இந்நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு என்றால் நூறு பேர். மீதி 99,900 பேருக்கு ஒன்றும் ஆகாது. அபூர்வமான ஒன்றைப் பத்தால் பெருக்கினாலும் அது அபூர்வமாகவே இருக்கும். ஆனால் கொப்புளம் வந்துவிட்ட ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மருத்துவர் போடவேண்டிய கணக்கு இதுவல்ல. அவருக்கு அந்த மாத்திரைதான் முதல் சந்தேகம்.

ஏன் இவ்வளவு தாமதம்? முழு விடை இன்னும் இல்லை. டிபிபி-4 நொதி சர்க்கரை விஷயத்தோடு நிற்பதில்லை. நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் மேற்பரப்பிலும் அது இருக்கிறது, தோலிலும் இருக்கிறது. அதை முடக்கும்போது பிபி180 புரதம் வெட்டுப்படும் விதம் மாறி, வழக்கமாக மறைந்திருக்கும் ஒரு பகுதி வெளியே தெரியவரலாம் என்பது ஒரு கருத்து. உடம்பு அதை அந்நியமாக நினைத்து எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கி, அது சேர்ந்து, அடித்தளக் கலவை தளரும்வரை மாதங்களோ வருடங்களோ ஆகும். பென்சிலின் ஒவ்வாமையில் ஆயுதம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதனால்தான் கால் மணி நேரம் போதும். இங்கே ஆயுதத்தையே புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் இன்னொன்றைக் கவனித்தார்கள். கிளிப்டின் நோயாளிகளில் பலருக்குச் சிவப்பும் தடிப்பும் குறைவு. அவர்களுடைய எதிர்ப்பொருள்கள் பிபி180இன் வழக்கமான பகுதியைத் தாக்காமல் அதன் வேறு பகுதிகளைப் பிடிக்கின்றன. மருத்துவமனைகளில் செய்யும் வழக்கமான ரத்த அளவுச் சோதனையோ அந்த வழக்கமான பகுதியை மட்டுமே பார்க்கும். பெரியவரின் 'இல்லை'க்கு விளக்கம் இதுதான். அந்த ஒற்றைச் சோதனையை நம்பி நோயே இல்லையென்று அனுப்பியிருந்தால் அவர் சொறிந்துகொண்டே அதே மாத்திரையைத் தொடர்ந்திருப்பார். அதே ஜப்பானியர்கள் 2018இல், இத்தகைய நோயாளிகளில் பெரும்பாலோரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருப்பதையும் காட்டினார்கள்.

கிளிப்டின்கள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நீர் இறங்கக் கொடுக்கும் ஃப்ரூசமைட், மூட்டுவாதத்துக்கு ஒரு காலத்தில் பரவலாகக் கொடுத்த பெனிசிலமின் (இது பெம்ஃபிகஸைக் கொண்டுவரும்), வான்கோமைசின் ஊசி, புற்றுநோய்க்கான புதிய எதிர்ப்புத் தூண்டல் மருந்துகள் எல்லாம், ஏதோ ஒரு தன்னெதிர்ப்புக் கொப்புள நோயைக் கிளப்பக்கூடிய மருந்துகளின் பட்டியலில் உண்டு.

வேகமாக வரும் வேறொன்று

இதோடு குழப்பக் கூடாத ஒரு நோயைச் சொல்லாமல் போகக் கூடாது. புது மருந்து தொடங்கிச் சில நாள் முதல் சில வாரங்களுக்குள் காய்ச்சல், கண் சிவப்பு, வாயெல்லாம் புண், தோலில் நமைச்சலுக்குப் பதில் வலி, தொட்டால் தோல் தாள் தாளாக உரிதல். இது ஸ்டீவன்ஸ்-ஜான்சன். இங்கே எதிர்ப்பொருள்களுக்குப் பங்கில்லை. வெள்ளணுக்களே மேல்தோலைக் கொல்கின்றன. தோல் நிலையத்தில் தேதி வாங்கிக்கொண்டு காத்திருக்கும் விஷயமல்ல. அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய விஷயம்.

இதில் சிங்கப்பூர் ஒரு நல்ல காரியம் செய்தது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபின், எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்நோயைக் கொண்டுவரக்கூடும் என்பது தெரிந்தபின், 2013இல் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும், ஆசிய வம்சாவளியினருக்கு அந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுவைச் சோதிக்க வேண்டும் என்றன. கிளிப்டின்களுக்கு அப்படியொரு முன்சோதனை இன்று இல்லை.

நிறுத்திய பிறகு

மாத்திரை அட்டையைப் பார்த்தபின் பெரியவரின் வில்டாகிளிப்டினை நிறுத்தினார்கள். பலருக்கு மருந்தை நிறுத்தி, மேலே களிம்பு பூசினாலே சில வாரங்களில் புதுக் கொப்புளம் வருவது குறையும். எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு ஒருமுறை மூண்ட தீ மருந்து போனபின்னும் எரியும்.

சிகிச்சையில் ஒரு சங்கடம். இந்நோய்க்குப் பழைய மருந்து பிரெட்னிசலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரை. அது சர்க்கரையை ஏற்றும். ஒரு சர்க்கரை மருந்தை நிறுத்திவிட்ட சர்க்கரை நோயாளிக்கு அதைக் கொடுப்பது எப்படி? 2002இல் பிரான்சில் 341 நோயாளிகளிடம் செய்த ஆய்வு இதற்கு வழி காட்டியது. நோய் பரவலாக இருந்தவர்களில், வலுவான ஸ்டீராய்டு களிம்பை உடம்பெங்கும் பூசியவர்களில் 76 விழுக்காட்டினர் ஓராண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 58 விழுக்காட்டினர்தான். களிம்பு பூச ஆள் வேண்டும், நேரம் வேண்டும். மகள் இருப்பதால் முடிந்தது. களிம்பு போதாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் உண்டு. 2025 ஜூனில் டூபிலுமாப் ஊசிக்கும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

"கொப்புளம்தானே" என்று இதைச் சின்னதாக எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி: தேசியத் தோல் நிலையத்தின் 359 பெம்ஃபிகாய்ட் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஆய்வில், நோய் உறுதியான ஓராண்டுக்குள் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் இறந்திருந்தார்கள். தள்ளாத வயது, பக்கவாதம், பார்கின்சன், இதய பலவீனம் போன்ற உடன்நோய்கள் அதில் சேர்ந்திருந்தன. தொற்று அடிக்கடி உயிரைக் குடித்தது. ஆகவே நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து, தேவையற்ற தூண்டுதலை எடுத்துவிடுவது சின்ன விஷயமல்ல.

உங்கள் வீட்டில் வயதானவர் யாருக்காவது காரணம் தெரியாத நமைச்சல் மாதக்கணக்கில் இருந்தாலோ, இறுகிய நீர்க்கொப்புளம் வந்தாலோ, மருத்துவரிடம் போகும்போது மாத்திரையின் பெயரை வாயால் சொல்லாதீர்கள். அட்டைகளை எடுத்துப் போங்கள். ஊரிலிருந்து வந்தது, முஸ்தஃபா கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, சித்த மருந்து எல்லாமே. அட்டையின் பெரிய எழுத்து நிறுவனம் வைத்த பெயர். சிறிய எழுத்தில் உள்ளதே மருந்து. அது 'கிளிப்டின்' என்று முடிந்தால் விரல் வைத்துக் காட்டுங்கள். எப்போது தொடங்கியது என்ற மாதத்தையும் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள்.